கேட்கலைன்னு சொல்லிப் பழகு, தம்பி

என் தம்பி தனியாக லோடு எடுத்துக்கொண்டு கிளம்பிய முதல் ராத்திரி, சாத்தூருக்குப் போக வேண்டியவன் ஆத்தூரில் போய் நின்றான்.

எங்களுக்கு நாமக்கல். சாத்தூர் தெற்கே, மதுரையையும் தாண்டிப் போக வேண்டும். ஆத்தூர் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு நேர் எதிர்த் திசை. வண்டியில் கோழித் தீவனம். லோடு கொடுத்தவர் ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அந்தச் 'சா'வில் இருந்த 'ச' விழவில்லை, மிச்சம்தான் விழுந்தது. "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். பில் கவருக்குள் இருந்தது, பிரித்துப் பார்க்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எனக்கு மெசேஜ் வந்தது: "அக்கா, இந்த ஊர்ல அப்படி ஒரு பண்ணையே இல்லையாம்."

ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு இரண்டு காதும் மந்தம். ஆ, ஓ மாதிரியான ஒலிகள் கேட்கும். ச, ஸ, ஷ மாதிரிக் கூரான ஒலிகள் நழுவிவிடும். மனுஷன் பேசுகிறான் என்று தெரியும், என்ன பேசினான் என்று தெரியாது. இந்த வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

அன்றைக்கு டீசலும் போச்சு, பேட்டாவும் போச்சு. எனக்கு வலித்தது அதில்லை. "சரியாக் கேக்கலைன்னு உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும்க்கா" என்றான். "அப்புறம் ஏன்டா தலையாட்டின?" பதில் இல்லை. பதில் எனக்கே தெரியும். எங்கள் அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கத்து வலது காது போய், அடுத்து இடதும் மங்கி, அதை யாரிடமும் சொல்லாமல் தலையாட்டியே காலம் தள்ளினார். அந்தத் தலையாட்டலைத்தான் பிள்ளையும் கற்றுக்கொண்டான்.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். காது மந்தத்தோடு வண்டி ஓட்டிய இரண்டு பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வந்த ஆபத்துகளை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தத் தலையாட்டல் இருக்கிறது. ஸ்டீயரிங் பிடிக்க ஆசைப்படுகிற, காது கொஞ்சம் மந்தமான தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். உன் சொந்த அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்.

1. முதலில் காதைக் காட்டு

டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் காது டாக்டரிடம் போ. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கும். சில பேருக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சில பேருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும், ஆபரேஷனில் சரியாகலாம். நரம்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் காதொலிக் கருவிதான் வழி. எது என்று தெரியாமல் வீட்டிலேயே முடிவு கட்டாதே. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, சாவியையோ தீக்குச்சியையோ விட்டுக் குடைவது இரண்டையும் இன்றோடு விட்டுவிடு.

சத்தமில்லாத அறையில் ஹெட்போன் மாட்டி ஒரு சோதனை செய்வார்கள். ஆடியோகிராம் என்று ஒரு வரைபடம் கையில் வரும். அதை மடித்துப் பீரோவில் போடாமல், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள். நாள்பட்ட இரைச்சலால் கெட்ட காது என்றால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். அப்பாவின் வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. எந்த ஒலி உனக்கு விழாது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் கண்ணை வைக்க முடியும்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று அடைத்த மாதிரி, சுத்தமாகக் கேட்காமல் போனால் "சளி, சரியாகிடும்" என்று லோடுக்குப் போய்விடாதே. அன்றைக்கே டாக்டரைப் பார். திடீர்க் காது கேளாமைக்குச் சீக்கிரம் மருந்து கொடுத்தால்தான் பலன், ஒவ்வொரு நாள் தள்ளுவதும் நஷ்டம்.

2. லைசென்ஸை ஏணிப்படியாக ஏறு

காது மந்தம் என்றாலே லைசென்ஸ் கிடைக்காது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. காது கேளாதவர் என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டுநர் தேர்வுக்கே விடாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

இலகுரக வண்டிக்கு, அதாவது எல்.எம்.வி. லைசென்ஸுக்கு, கருவி போட்டோ போடாமலோ சாதாரண ஹாரன் சத்தம் கேட்டால் போதும் என்பதுதான் விண்ணப்பப் படிவத்தில் காதைப் பற்றி இருக்கிற கேள்வியின் பொருள். அதனால் முதல் படி எல்.எம்.வி. இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் முத்திரை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பு சொன்னது. குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப், 407 எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும்.

என் தம்பி இப்போது ஓட்டுவது இந்த ரகம்தான். மாதச் சம்பளத்துக்கு இருந்தவன் இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறான்.

டாரஸ், டிரெய்லர் மாதிரிக் கனரக வண்டிதான் உன் கனவு என்றால், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் அதற்கு எல்.எல்.ஆர். போட முடியும். படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழும் வேண்டும். சாதாரண ஒலிச் சைகைகளைக் கேட்க முடியாத அளவு காது கேளாமை உண்டா என்று அதில் டாக்டரிடம் நேராகவே ஒரு கேள்வி இருக்கும். முடிவு அந்த டாக்டர் கையில். ஆடியோகிராமை எடுத்துப் போ, கருவி போட்டும் போடாமலும் காட்டு. தேறினால் சந்தோஷம். கனரக லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போதும் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால், காதைக் காப்பாற்றிக்கொள்வதும் தொழிலில் ஒரு பாகம்.

அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுகிறவருக்கு நல்ல காதில் சராசரி இழப்பு 40 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் மூன்றையும் சேர்த்து அளப்பார்கள், கருவி போட்டுக்கொண்டும் அளக்கலாம். அதிலும் தேறாதவர்களுக்கு, நல்ல ஓட்டுநர் என்று பதிவேடு காட்டினால், 2013 முதல் விலக்கு கொடுத்து வருகிறார்கள். துளியும் கேட்காதவர்கள் அங்கே பெரிய டிரெய்லர் ஓட்டிப் பிழைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வழி இன்னும் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் காது கேளாதவரால் லாரி ஓட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

3. படிவத்தில் பொய் எழுதாதே

"கேக்குதுன்னு டிக் பண்ணிடு, யார் பார்க்கப் போறாங்க" என்று புரோக்கர் சொல்வார். கேட்காதே கண்ணு. விபத்து என்று ஒன்று வந்தால், தப்பு எதிர் வண்டி மேலேயே இருந்தாலும், முதலில் வெளியே இழுப்பது நீ மறைத்ததைத்தான். இன்சூரன்ஸிலும் கேட்பார்கள், கோர்ட்டிலும் கேட்பார்கள். கருவி போட்டால் கேட்கிறது என்றால் அப்படியே எழுது. அது உண்மை, அது உன்னைக் காப்பாற்றும்.

4. கற்றுக்கொடுப்பவரிடம் சைகை பேசி வை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உன் இடது பக்கம் உட்காருவார். உனக்கு வலது காதுதான் நல்ல காது என்றால் அவர் சொல்வது பாதி விழாது. முதல் நாளே சொல்லிவிடு: டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, இரண்டு தட்டினால் நிறுத்து, கையை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. என் தம்பிக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் இதை இரண்டே நாளில் பழகிவிட்டார். "இது எல்லாப் பசங்களுக்குமே நல்லா இருக்கே" என்று மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

தேர்வு அன்று பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் வண்டியில் ஏறும் முன்பே சொல்: "சார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கருவி போட்டிருக்கேன். திரும்பச் சொல்லும்போது கையையும் காட்டுங்க." வண்டி நகர்ந்த பிறகு சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். முன்கூட்டியே சொன்னால் பொறுப்பான பையன் என்று நினைப்பார்கள்.

5. கருவியை ஸ்பேர் டயர் மாதிரி நினை

ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டாய் அல்லவா? பேட்டரி ஸ்பேர் இல்லாமலும் எடுக்காதே. காதொலிக் கருவி பேட்டரிக்கு ஸ்டிக்கர் நிறம்தான் அடையாளம்: 312 என்றால் பழுப்பு, 13 என்றால் ஆரஞ்சு, 675 என்றால் நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே போடாமல் ஒரு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டுப் போடு. அது காற்றைக் குடித்துத்தான் வேலை செய்யும். சார்ஜ் போடுகிற கருவி என்றால் வண்டியிலேயே ஒரு சார்ஜர் வை.

கருவிக்கு முதல் எதிரி வேர்வை, இரண்டாவது டாஷ்போர்டு வெயில். ராத்திரி கழற்றினால் சிலிக்கா ஜெல் போட்ட சின்ன டப்பாவில் மூடி வை. கருவியைக் கையில் வாங்கிய அன்றே நெடுஞ்சாலைக்குப் போகாதே. முதல் ஒரு வாரம் எல்லாச் சத்தமும் மண்டையில் அடிக்கும், எது எங்கிருந்து வருகிறது என்று புரியாது. வீட்டில், தெருவில், பஸ் ஸ்டாண்டில் போட்டுப் பழகிவிட்டு ஸ்டீயரிங் பிடி. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் கருவிக்குள் காற்று இரையும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார், வித்தியாசம் தெரியும்.

விலைக்குப் பயப்படாதே. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. கருவிக்கும் அடையாள அட்டைக்கும் அங்கே வழி சொல்வார்கள். சட்டக் கணக்கில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு என்றால் செவித்திறன் குறைந்தவர், 70 டெசிபலும் அதற்கு மேலும் என்றால் காது கேளாதவர். அட்டை வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. அது உன் உரிமை.

6. கண்ணாடியில் குடியிரு

காது நல்லா இருக்கிறவன் ஹாரனை நம்பி ஓட்டுவான். நம் லாரிகளுக்குப் பின்னால் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதியே வைத்திருக்கிறோம். பின்னால் வருகிறவனும் ஹாரன் அடித்துவிட்டோம், அவன் ஒதுங்குவான் என்று நம்பி ஏறுவான். உனக்கு அந்த நம்பிக்கை வேண்டாம். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, மீட்டர், ரோடு, மறுபடி வலது. இது மூச்சு மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளின் ஓரத்திலும் வட்டமான சின்னக் குவிகண்ணாடி ஒட்டிக்கொள். அதிகச் செலவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து வருகிற டூவீலர் அதில்தான் தெரியும்.

ஆம்புலன்ஸைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தம்பி சொன்ன வழி இது: முன்னால் போகிற வண்டிகள் காரணமில்லாமல் இடது பக்கம் ஒதுங்கினால், பின்னால் ஏதோ வருகிறது. உடனே கண்ணாடியைப் பார், விளக்கு தெரியும். ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தாலும் அதே அர்த்தம். ஊரே உனக்குக் காதாக இருக்கிறது, நீ அதைப் பார்க்க மட்டும் வேண்டும்.

இன்டிகேட்டர் 'டிக் டிக்' உனக்குக் கேட்காது. திரும்பி முடித்ததும் மீட்டரில் பச்சை அம்பு அணைந்ததா என்று ஒரு பார்வை பார். போட்ட இன்டிகேட்டரை அணைக்காமல் போனால் பின்னால் வருகிறவன் ஏமாந்து போவான்.

7. காதால் செய்கிற வேலையைக் கைக்கும் கண்ணுக்கும் மாற்று

பழைய டிரைவர்கள் டயரை ராடால் தட்டி, வருகிற சத்தத்தை வைத்தே காற்று சரியா என்று சொல்லிவிடுவார்கள். உனக்கு அது வேண்டாம், டயர் கேஜ் வாங்கு. ஒவ்வொரு டயரையும் அளந்து நோட்டில் எழுது. தட்டிப் பார்க்கிறவனைவிட உன் கணக்கு துல்லியமாக இருக்கும்.

ஏர் பிரேக் வண்டியில் காற்று கசிந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் அது கேட்கவில்லை. ஒரு நாள் பட்டறையில் வண்டியை விட்டபோது கிளீனர் பையன் சோப்புத் தண்ணியைத் துணியில் நனைத்து ஹோஸ் மூட்டு ஒவ்வொன்றிலும் தடவினான். ஒரு மூட்டில் மட்டும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் குமிழையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தனை நாளா இருக்கோ" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தச் சோப்பு டப்பா வண்டியிலேயே இருந்தது. நீயும் வைத்துக்கொள். கிளம்பும் முன் ஏர் மீட்டர் முள் ஏறுகிறதா, என்ஜினை அணைத்த பிறகு சும்மா நிற்கும்போதே இறங்குகிறதா என்று பார். எச்சரிக்கை பஸ்ஸர் கூரான சத்தம், உனக்கு விழாமல் போகலாம். விளக்கையும் முள்ளையும் நம்பு.

கியர் மாற்ற என்ஜின் சத்தத்தை வைத்துப் பழகுவார்கள். நீ ஆர்.பி.எம். மீட்டரைப் பார், முள் பச்சைக் கோட்டுக்குள் இருக்கட்டும். அதோடு உள்ளங்கை, பாதம், இருக்கை மூன்றிலும் வருகிற அதிர்வைக் கவனி. என் தம்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் டாஷ்போர்டு மேல் உள்ளங்கையை வைத்து, கோயிலில் கும்பிடுகிற மாதிரி ஒரு நிமிஷம் அசையாமல் இருப்பான். ஒரு தடவை அப்படி வைத்துவிட்டு, "அக்கா, ஏதோ ஒண்ணு லூசா இருக்கு" என்று இறங்கினான். என்ஜின் மவுன்டிங் போல்ட் ஒன்று கழன்றிருந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் யாருக்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இந்த மீட்டர் பழக்கம் உயிர் காக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடு. என்ஜின் அலறுவது கேட்ட பிறகு சுதாரிக்கலாம் என்று உன்னால் இருக்க முடியாது. முள் ஏறுவதைப் பார்த்துச் சுதாரி. நியூட்ரலில் மட்டும் விடாதே.

தார்ப்பாய் கயிறு தளர்ந்து படபடவென்று அடிப்பதும் உனக்குக் கேட்காது. டீக்கு நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா, கயிற்றை இழுத்துப் பார்.

8. ரிவர்ஸ் எடுக்கும்போது குரலை நம்பாதே

"வரலாம்... வரலாம்... ரைட்டு" என்று கிளீனரோ லோடுமேனோ பாடியைத் தட்டிக்கொண்டே கத்துவார்கள். அதை வைத்துப் பின்னால் எடுக்காதே. அவர்களிடம் ஒரே ஒரு விதி சொல்: "என் கண்ணாடியில் உங்க முகம் தெரியுற இடத்துல நில்லுங்க. நீங்க மறைஞ்சா நான் நிறுத்திடுவேன்." ராத்திரி என்றால் டார்ச்: மேலும் கீழும் ஆட்டினால் வா, குறுக்கே ஆட்டினால் நில். இதைக் கண்டிப்பாகப் பழக்கு. குடோன் வாசலில் குழந்தைகள் விளையாடுவார்கள். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டு எடு. அவசரப்படுகிறவர்கள் அவசரப்படட்டும்.

9. வளைவிலும் கேட்டிலும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். தம்பி அன்னாசி லோடுக்கு அடிக்கடி போவான். எல்லோரும் வளைவில் ஹாரன் அடித்து, எதிர் ஹாரன் வருகிறதா என்று கேட்டுத் திரும்புவார்கள். உன்னால் கேள்விதான் கேட்க முடியும், பதில் உனக்குக் கேட்காது. அதனால் ஹாரன் அடி, ஆனால் எதிரே வண்டி வருகிறது என்றே வைத்துக்கொண்டு உன் பக்கத்தை விடாமல், நிறுத்தக்கூடிய வேகத்தில் திரும்பு. இருட்டிய பிறகு ஒரு வசதி உண்டு: எதிர் வண்டியின் வெளிச்சம் பாறையிலும் மரத்திலும் முன்கூட்டியே விழும்.

ரயில்வே கேட் திறந்திருந்தாலும், நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டு. முன்னால் போனவன் போய்விட்டான் என்பது உனக்கு உத்தரவாதம் இல்லை.

ஓடுகிற வண்டியில் பேச்சு வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் உதட்டைப் பார்க்க நீ தலையைத் திருப்புகிற நேரத்தில் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார். பேச வேண்டுமா, ஓரங்கட்டு.

10. ஊர், ஆள், நேரம்: மூன்றும் எழுத்தில்

சாத்தூர் சம்பவத்துக்குப் பிறகு நான் போட்ட சட்டம் இது. எந்த லோடாக இருந்தாலும் இறக்க வேண்டிய ஊர், மாவட்டம், ஆள் பெயர், நம்பர், நேரம், வாடகை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்த பிறகுதான் சாவி போட வேண்டும். லொகேஷனும் வாங்கிக்கொள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவரிடம் "டைப் பண்ணி அனுப்புங்கண்ணா" என்று கேள். அவர் எழுதத் தெரியாதவர் என்றால் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கூச்சப்படாதே. எழுத்தில் இருந்தால் நாளைக்கு வாடகைத் தகராறு வந்தாலும் அது உன் பக்கம் பேசும்.

11. வழியில் நிறுத்துகிறவர்களிடம்

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கூப்பிட்டு நீ திரும்பவில்லை என்றால், திமிர் என்று நினைத்துவிடுவார். சட்டைப் பையில் ஓர் அட்டை வை. "எனக்குக் காது சரியாகக் கேட்காது. என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள்" என்று தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி லேமினேட் பண்ணிக்கொள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், மேலேயே இந்த அட்டையோடு வை. நிறுத்தியதும் என்ஜினை அணை, கேபின் லைட்டைப் போடு, அட்டையை நீட்டு. கர்நாடகா, ஆந்திரா போகிறவர்கள் அந்தந்த மொழியிலும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

12. ராத்திரி தூங்கும்போது

கருவியைக் கழற்றிவிட்டுப் படுத்தால், டீசல் திருடுகிறவன் டேங்கைத் திறந்தாலும் உனக்குத் தெரியாது. அதனால் தனி ரோட்டில் நிறுத்தாதே. பெட்ரோல் பங்க், நாலு லாரி நிற்கிற ஓட்டல், வெளிச்சம் உள்ள இடம் பார்த்து நிறுத்து. பக்கத்து வண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டுப் படு: "எனக்குக் காது கேக்காதுங்ணா, ஏதாச்சும்னா கேபினைத் தட்டுங்க." தட்டினால் அதிர்வு தெரியும். அலாரத்துக்குப் போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் வை. கையில் கட்டுகிற வைப்ரேஷன் வாட்ச் இன்னும் நல்லது.

13. மிச்சக் காதைக் காப்பாற்று

இருக்கிற காது இன்னும் போகாமல் இருக்க வேண்டும். நம் ஊர் வண்டியில் டிரைவரின் வலது காது ஜன்னல் பக்கம். காற்றும் எதிர் வண்டி ஏர் ஹாரனும் முதலில் அதில்தான் அடிக்கும். வேலை இடத்துச் சத்தத்துக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம்தான். 3 ஏறினால் நேரம் பாதியாகும். கண்ணாடியை ஏற்றி ஓட்டு. சைலன்ஸர் ஓட்டையை அன்றைக்கே அடை. பல குரலில் அலறுகிற ஹாரன் மாட்டாதே. சட்டப்படியும் தப்பு, மற்றவன் காதுக்கும் பாவம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் 2025 அக்டோபர் 1 முதல் தயாரானவற்றுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. வெயிலுக்கு மட்டும் இல்லை, காதுக்கும் அது நிழல். வருஷம் ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்.

14. வேலை கேட்கும்போது

ஓனரிடம் கடைசியில் சொல்லலாம் என்று ஒளிக்காதே. முதல் சந்திப்பிலேயே, குறையையும் வழியையும் சேர்த்துச் சொல்: "எனக்குக் காது மந்தம். போன்ல பேசுனா கேக்காது, மெசேஜ் போட்டா அஞ்சு நிமிஷத்துல பதில் வரும். டயர் கணக்கு நோட்டு இருக்கு, பாருங்க. ஒரு வாரம் ஓட்டிக் காட்டுறேன்." நான் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்த வரைக்கும், ஓனர்களுக்குப் பயம் காதைப் பற்றி இல்லை, சரக்கு சொன்ன இடத்துக்குப் போகுமா என்றுதான். சில பேர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பார்கள். மனசு ஒடிந்துவிடாதே, அடுத்த ஆபீஸுக்குப் போ. தினமும் ஒரே ரூட் போகிற பால், முட்டை, காய்கறி லோடு ஆரம்பத்துக்கு நல்லது. இடமும் ஆளும் பழகிவிட்டால் பாதிப் பேச்சே தேவைப்படாது.

15. வண்டியைத் தொடக் கூடாத நாள்

காதுக்குள் இரைச்சலோடு தலைசுற்றல் வந்தால், தலை சுற்றாவிட்டாலும் புது மாத்திரையால் தூக்கம் சொக்கினால், கருவி இரண்டும் செத்துப் பேட்டரி இல்லை என்றால், அன்றைக்கு லோடு எடுக்காதே. காதுக்குள் இருக்கிற உறுப்புதான் உடம்பின் நிலையையும் பார்த்துக்கொள்கிறது, அது ஆட்டம் கண்டால் ஸ்டீயரிங்கும் ஆட்டம் காணும். ஒரு நாள் வாடகை போகட்டும். "இன்னிக்கு முடியாதுங்க" என்று சொல்லவும் தைரியம் வேண்டும். சொல்லத் தெரிந்தவன்தான் டிரைவர்.

போன மாதம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். தம்பி லோடுக்கு வந்திருந்தான். லோடு கொடுத்தவர் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டவில்லை. காதுக்குப் பின்னால் கருவியை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, "கேக்கலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். அவர் சொன்னார். இவன் திருப்பிச் சொன்னான்: "சாத்தூர். சேவு விக்கிற சாத்தூர். சரிங்களா?" அவர் சிரித்துவிட்டு, மேஜையிலிருந்த பேனாவை எடுத்துப் பில்லின் மேல் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுத்தான்.

அப்பா ஆபீஸ் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகு நான் அவரிடம் போய், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்து, "என்னம்மா சொன்ன? கேக்கலை" என்றார்.